மாமிக்கு நான் வைத்த பேனர்

என் மாமியாரை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். காலை ஏழரை மணிக்கு அவர் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, எட்டேகால் மணிக்குள் ஊர் முழுக்க அவரைச் சாகடித்துவிட்டேன். விஷம் கிஷம் எதுவும் கிடையாது. ஒரு பழைய லேப்டாப், ஒரு மவுஸ், பதினோரு இலவச வீடியோ பாடங்கள். அவ்வளவுதான் செலவு. (பயப்பட வேண்டாம். இதை எழுதும்போது அவர் பக்கத்து அறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.)

எனக்குச் சொந்த ஊர் குலசேகரம். கட்டிக்கொடுத்தது ஆரல்வாய்மொழிப் பக்கம். பெண் பார்க்க வந்தபோது என் அப்பா, "பிள்ளைக்கு கம்ப்யூட்டர் எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது அதைத் திறப்பதும் மூடுவதும். கல்யாணமான பிறகு அப்பா சொன்னதை உண்மையாக்க வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. கணவர் ஜெபின் காற்றாலையில் பராமரிப்பு வேலைக்குப் போனதும், அவருடைய லேப்டாப்பைத் திறந்துவைத்து போட்டோ எடிட்டிங் படிக்க ஆரம்பித்தேன்.

பதினோரு பாடங்களில் நான் கற்றுத் தேறியது இரண்டு வித்தை. ஒன்று, படத்திலிருந்து ஆளை வெட்டி எடுப்பது. இரண்டு, கிரேடியண்ட். கிரேடியண்ட் என்றால் ஒரு நிறம் பையப் பைய இன்னொரு நிறமாக மாறுவது. சாயங்காலம் மலைக்கு மேல் வானம் செய்கிற அதே வேலைதான். வானத்துக்கு நிதானம் இருக்கிறது. எனக்கு இல்லை. ஜெபினை வெட்டிப் பனிமலையில் வைத்தேன். மாமாவை (என் மாமனார்) வெட்டி, அவர் ஒருநாளும் போகாத கப்பலின் மேல்தட்டில் நிறுத்தினேன். பலசரக்குப் பட்டியலைக்கூட மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகிற கிரேடியண்டில் அச்சடித்துக் கொடுத்தேன். கடைக்காரர் துவரம்பருப்பு வரைக்கும் படித்துவிட்டு, அதற்குக் கீழே சிவப்பில் கண் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்.

மாமி மட்டும் எதையும் சொல்லவில்லை. லில்லி புஷ்பம் சிஸ்டர் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாத ஆள் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸ். ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அதனால் எவ்வளவு பெரிய மனிதரும் அவர் எதிரே வந்தால் கொஞ்சம் பக்கவாட்டில்தான் நடப்பார்கள். கண்டிப்பானவர், அளவாகப் பேசுவார். நான் என்ன செய்து காட்டினாலும் "சரி" என்பார். எங்கள் குலசேகரத்தில் ஒரு வேலை நன்றாக இருந்தால் "கொள்ளாம்" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். கல்யாணமாகி ஆறு மாதமாக அந்த ஒரு வார்த்தைக்காக நான் அந்த வீட்டில் காத்துக் கிடந்தேன்.

அப்போதுதான் அவருக்கு ரிட்டையர்மென்ட் வந்தது. உடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து சர்ச் பக்கத்து ஹாலில் பாராட்டு விழா வைத்தார்கள். என் பங்குக்குத் தெரு முக்கில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் வைத்து அசத்துவது என்று முடிவு செய்தேன். வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. (மூச்சு விட்டிருந்தால் மாமி பிழைத்திருப்பார்.)

மாமி சிரித்த மாதிரி ஒரே ஒரு போட்டோதான் வீட்டில் இருந்தது. ஏதோ தடுப்பூசி முகாமில் யாரோ எடுத்தது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, புதிதாக வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நிற்கிறார். தொழில் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே வேறு படம் தேடியிருப்பார்கள். நான் தேடவில்லை.

மேஜிக் வாண்ட் என்று ஒரு கருவி உண்டு. படத்தில் ஓரிடத்தைத் தொட்டால், அதே நிறம் எங்கெல்லாம் தொடர்ந்து ஓடுகிறதோ அவ்வளவையும் பிடித்துக்கொள்ளும். பிறகு டிலீட் அழுத்தினால் போதும். நான் சுவரைத் தொட்டேன். டிலீட் அழுத்தினேன். சுவர் போனது. கூடவே மாமியின் இரண்டு தோள்களும் கைகளும் போயின. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கோட்டு. அந்தக் கருவிக்கு நர்ஸ் எது சுவர் எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது வெள்ளை மட்டும்தான். இப்படிப்பட்ட படத்துக்குப் பென் டூலை எடுத்து, ஆளின் ஓரம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வைத்து, கோடு வரைந்துதான் வெட்ட வேண்டும். ஒரு மணி நேர வேலை. மூன்றாவது பாடத்தில் அதைத்தான் தலைபாடாகச் சொல்லியிருந்தார்கள். நான் மூன்றாவது பாடத்தை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தவள்.

தலைமுடியைச் சுற்றிச் சுவரின் மிச்சம் ஒரு வெள்ளை விளிம்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய எல்லையை ஓரிரு புள்ளி உள்ளே இழுத்து, ஓரத்தைக் கொஞ்சம் மென்மையாக்கினால் அது போய்விடும். ஆனால் எனக்கு அது பிடித்துப்போனது. முகத்துக்கு ஒரு பிரகாசம் கொடுக்கிறது என்று விட்டுவிட்டேன்.

தோள் இல்லாததை என்ன செய்வது? இரண்டாவது வித்தை கையில் இருக்கிறதே. கழுத்துக்குக் கீழே ஒரு கிரேடியண்ட் இழுத்தேன். மாமி கழுத்துவரை தெளிவாக இருந்து, அதற்குக் கீழே மெல்ல மெல்லக் கரைந்து ஒன்றுமில்லாமல் போனார். பின்னணிக்கு மேலே வான நீலம், கீழே வெள்ளை. வெறுமையாக இருக்கிறதே என்று நாலு மேகம் போட்டேன். இடப்பக்கம் மாமி வேலையில் சேர்ந்த தேதி, வலப்பக்கம் ஓய்வுபெறும் தேதி. இது இன்ன தேதி என்று எழுத இடமில்லை. எல்லோருக்கும் புரியும் என்று விட்டுவிட்டேன். (எல்லோருக்கும் புரிந்தது.) கீழே "பணி நிறைவு பாராட்டு விழா" என்று பெரிய எழுத்தில் அடித்து, அந்த எழுத்துக்கும் ஒரு கிரேடியண்ட் கொடுத்தேன். இடமிருந்து வலமாகக் கருநீலத்திலிருந்து வெள்ளைக்கு. கடைசி இரண்டு வார்த்தைகள் திரையில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தன. அச்சடிக்கும்போது சரியாகிவிடும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு, நாகர்கோவிலில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிவைத்தேன்.

அரை மணி நேரத்தில் கடைக்காரர் கூப்பிட்டார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"எப்பம்மா?" என்றார்.

"நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு அண்ணாச்சி."

"திடீர்னு ஆயிட்டோ?"

"இல்ல, ஆறு மாசமாவே தெரியும். நாள எண்ணிட்டுத்தான் இருந்தோம்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த அச்சு மிஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "வீட்டில எல்லாரும் எப்பிடி இருக்காவ?" என்றார்.

"எல்லாரும் சந்தோஷமா இருக்காவ. மாமா புதுச் சட்டை எடுத்திருக்காரு."

"நீங்க அவியளுக்கு என்ன வேணும்?"

"மருமவ."

"ஓ" என்றார். அந்த ஒரு எழுத்தில் அவர் எத்தனை குடும்பங்களைப் பார்த்தவர் என்பது தெரிந்தது. இந்த மாதிரி வேலைக்கெல்லாம் தங்கள் கடையில் வரிசை பார்ப்பதில்லை என்றும், காலையிலேயே ஆள் வந்து முக்கில் கட்டிவிடுவார் என்றும் சொல்லி போனை வைத்தார். எவ்வளவு பண்பான மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மாமி புதுப் பட்டுச்சேலைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஜெபின் ஒரு அவசர வேலை என்று காற்றாடி டவருக்குப் போயிருந்தார், பத்து மணிக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்லி. மாமாவுக்கு போன் மேல் போன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். யாரோ எடுத்த எடுப்பில், "எப்ப எடுக்கியோ?" என்று கேட்டிருக்கிறார்கள். மாமா விழாவில் போட்டோ எடுப்பதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, பதினொன்றுக்கு எடுத்துவிட்டு உடனே பந்தி, மட்டன் பிரியாணி சொல்லியிருக்கிறது, கட்டாயம் வரவேண்டும் என்று உற்சாகமாகச் சொன்னார். நாலு பேருக்கு இதையே சொன்னார்.

எட்டு மணிக்குச் சர்ச்சில் மணி அடித்தது. வழக்கமான மணி இல்லை. விட்டுவிட்டு ஒற்றை ஒற்றையாக அடிக்கிற துக்க மணி.

"யாருக்காக்கும்? இன்னைக்குப் பாத்து" என்றார் மாமி. "போயிக் கேட்டுட்டு வா மக்கா. பக்கத்து ஆளுன்னா ஒரு எட்டு தலையக் காட்டிட்டு ஃபங்ஷனுக்குப் போவலாம்."

போனேன். கோயில்குட்டியார் (சர்ச்சைப் பார்த்துக்கொள்பவரை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"நீ எதுக்கு மக்கா வந்த? வீட்டில இருக்காண்டாமா?"

"யாருக்கு மணி அடிக்கிய?"

அவர் என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒனக்க மாமிக்காக்கும்."

"மாமி இப்பத்தான் எனக்குக் காப்பி தந்தாவ."

"அப்பிடித்தான் இருக்கும் மக்கா" என்றார். "எனக்க அம்மை போனப்பவும் எனக்கு அப்பிடித்தான் இருந்து."

பிறகு கையை நீட்டி முக்கைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். கையகலத் திரையில் ஒரு வாரம் பார்த்துப் பார்த்துச் செய்த படத்தை, எட்டடி உயரத்தில், சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன். நீல வானத்தில் மேகங்களுக்கு நடுவே தோளும் கையும் இல்லாமல் மாமி மிதந்துகொண்டிருந்தார். தலையைச் சுற்றி ஒளிவட்டம். இரண்டு பக்கமும் இரண்டு தேதி, அதில் ஒன்று அன்றைய தேதி. கீழே "பணி நிறைவு" என்று மட்டும் இருந்தது. பாராட்டும் விழாவும் வெள்ளையில் கரைந்துவிட்டிருந்தன. போதாததற்கு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தன் அன்பளிப்பாகக் கீழ் மூலைகளில் எரிகிற மெழுகுவத்தி ஒவ்வொன்று வைத்திருந்தார். ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு பேனர் புடைத்துப் புடைத்து அமுங்க, மாமி எல்லோருக்கும் தலையாட்டி விடை கொடுப்பதுபோல இருந்தது. தோவாளைப் பூச்சந்தை பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊரில் மாலைக்குத் தாமதமே கிடையாது. அதற்குள் மூன்று மாலை தொங்கியது.

(இரண்டு தேதிக்கும் நடுவில் முப்பத்திரண்டு வருடம்தானே இருக்கிறது, சிஸ்டருக்கு முப்பத்திரண்டு வயதா என்று ஒருவர்கூட யோசிக்கவில்லையே என்று பிற்பாடு கேட்டேன். துக்கத்தில் யார் கழித்தல் கணக்குப் போடுவார்கள்?)

வீட்டைப் பார்த்து ஓடினேன். எனக்கு முன்பே வாசலில் நாற்பது பேர். எங்கள் தெருவில் சரோஜா அக்கா என்று ஒருவர், மூன்று பிள்ளைகளையும் மாமி கையில் பெற்றவர். அவர் கேட்டுக்கு வெளியே நின்று நெஞ்சில் அடித்து அழுதிருக்கிறார். யார் அழுகிறார்கள் என்று பார்க்க மாமியே வெளியே வந்திருக்கிறார். அவ்வளவுதான், சரோஜா அக்கா மயங்கி விழுந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது, செத்துப்போனவர் பட்டுச்சேலையோடு மண்ணில் மண்டியிட்டு, துக்கம் கேட்க வந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

மாமி நிமிராமலே கேட்டார். "யாருக்காக்கும் மணி?"

"உங்களுக்குத்தான் மாமி" என்றேன்.

பேனர் வைத்தது நான்தான் என்பதையும் அந்த நாற்பது பேர் முன்னால் அங்கேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசித்தது உண்மை. அந்த ஒரு நிமிடத்தில்தான் ஜெபின் வந்து சேர்ந்தார்.

டவர் உச்சியில் இருந்தவருக்கு, உடன் வேலை பார்ப்பவர் கீழேயிருந்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இறங்கி வா என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இறங்கி வர இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் ஏணியில் ஒவ்வொரு படியாக அவர் என்ன நினைத்துக்கொண்டு இறங்கியிருப்பார் என்பதை இன்றுவரை நான் கேட்டதில்லை. கீழே வந்தபிறகு வாட்ஸப்பில் பேனரையும் பார்த்துவிட்டார். தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் கழற்றாமல் பைக்கில் வந்து இறங்கியவர், அம்மா சரோஜா அக்காவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். மாமி அவர் பக்கத்தில் போய்த் தலைக்கவசத்தைக் கழற்றி, நெற்றி வியர்வையைத் துடைத்து, "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டார். அதுவரை எனக்குப் பயம்தான் இருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

மாமி என்னைத் திட்டவில்லை. "வா, பாப்போம்" என்று முக்கைப் பார்த்து நடந்தார். தன் துக்கப் பேனரைத் தானே பார்க்கப் போகிற ஆளை யார் தனியாக விடுவார்கள்? பின்னால் ஊரே வந்தது. பேனருக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"தோளு ரெண்டும் எங்கட்டி?" என்றார்.

அந்த முக்கில், அத்தனை பேர் முன்னால், மேஜிக் வாண்ட் எப்படி வேலை செய்யும், வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைக் கோட்டு நின்றால் என்ன ஆகும், விளிம்பு ஏன் வருகிறது, கிரேடியண்ட் எதை மறைக்கும் என்று விக்கி விக்கிச் சொல்லி முடித்தேன். நான் எடுத்த முதல் வகுப்பு அதுதான். நோயாளி வியாதியைச் சொல்லும்போது கேட்பதுபோல மாமி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ செவுரு வேற கலரா இருந்திருந்தா நான் பொழச்சிருப்பேன்" என்றார்.

முதலில் சிரித்தது கோயில்குட்டியார். பிறகு எல்லோரும். மாமி மாலைகளைக் கழற்றச் சொல்லி, நல்ல பூ வீணாக வேண்டாம், ஹாலில் மேடைக்குப் போடுங்கள் என்று கொடுத்தனுப்பினார்.

விழாவுக்கு இருநூறு பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் ஐந்நூறு பேர் வந்தார்கள். பாதிப் பேர் துக்கத்துக்கென்று கிளம்பி வந்தவர்கள். அதனால் பேச்செல்லாம் ரொம்ப உருக்கமாக இருந்தது. சாதாரணமாக இப்படிப்பட்ட பேச்சை உரியவர் கேட்க முடியாது. மாமி முன் வரிசையில் உட்கார்ந்து, யார் யார் எவ்வளவு அழுதார்கள் என்பது உட்பட எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோதுதான் தக்கலையிலிருந்து ஒரு கார் வந்தது. மாமியின் தங்கை ஜாய் சித்தி. அவரை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அதற்கு நான்கு வருடம் முன்பு என் நாத்தனார் கல்யாணத்துக்கு மாமி நேரில் வந்து அழைக்காமல் போனில் அழைத்துவிட்டார் என்று கோபித்துக்கொண்டவர். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. வாட்ஸப்பில் படத்தைப் பார்த்துவிட்டு, வழியெல்லாம் அழுது, கண்ணும் மூக்கும் வீங்கி, "அக்கா" என்று அலறிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தவர், அக்கா எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீ சாவல்லியா?"

"இல்லட்டி" என்றார் மாமி.

"இத ஒரு போன் பண்ணிச் சொல்லப்பிடாதா?"

"போன்ல சொன்னா ஒனக்குப் பிடிக்காதே. நேருல வந்துல்லா சொல்லணும்."

சித்தி மாமியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பிறகு அதே முதுகைக் கட்டிக்கொண்டு அழுதார். மாமி எச்சில் கையை உயரத் தூக்கிப் பிடித்தபடி இடது கையால் தங்கையை அணைத்துக்கொண்டார். மாமி அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். பத்து நிமிடம் கழித்துப் பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து இருவரும் தொடர்ந்தார்கள். ஆனால் ஒரே இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு.

இதெல்லாம் நடந்து ஏழு வருடமாகிறது. இப்போது படம் வெட்டுவதும் ஒட்டுவதும்தான் எனக்குத் தொழில். கல்யாண ஆல்பம், பள்ளிக்கூட ஆண்டு விழா, கடை திறப்பு எல்லாம் செய்கிறேன். பென் டூலில் ஒவ்வொரு முடியாகப் பார்த்துத்தான் வெட்டுகிறேன். ஆனாலும் நான் எந்த டிசைனைக் காட்டினாலும் மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்கிற முதல் கேள்வி, "ஆளு இருக்கா?" என்பதுதான்.

ஜாய் சித்தி அன்றிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு மாமிக்கு போன் செய்வார். "இருக்கியா?" "இருக்கேன்." அதன் பிறகுதான் மற்றப் பேச்சு. போன வாரம் மாமி போனை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்ததால் நான் எடுத்தேன். மாமி எங்கே என்றார் சித்தி.

"குளிக்காவ சித்தி" என்றேன்.

சித்தியின் குரல் சட்டென்று உயர்ந்தது.

"குளிக்காளா, குளிப்பாட்டுகாவளா? தெளிவாச் சொல்லு மக்கா" என்றார்.